விந்துவை விழுங்கினால் உடம்புக்குச் சத்தா? கணக்குத் தப்பும் இடங்கள்

"ஒரு தடவை வர்ற விந்துல ஒரு முட்டைச் சத்து இருக்கு" என்று யாரோ ஆரம்பித்து வைத்த கணக்கு வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. முகம் பளபளக்கும், மனச்சோர்வு போகும், கர்ப்பிணிக்கு நல்லது என்று அதற்கு வாலும் முளைத்துவிட்டது. யாரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாத விஷயம் என்பதால் அது பொய் என்று சொல்லவும் ஆளில்லை. வயது வந்த இருவர் மனம் ஒப்பித் தங்களுக்குள் என்ன செய்துகொள்கிறார்கள் என்பது அவர்கள் பாடு. அதற்கு மருத்துவச் சாயம் பூசும்போது எங்கெல்லாம் இடறுகிறோம் என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

முதல் இடறல், என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் போட்டுவிட்டு, எவ்வளவு இருக்கிறது என்பதை விட்டுவிடுவது. விந்துவில் புரதம் இருக்கிறது, துத்தநாகம் இருக்கிறது, பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸ் இருக்கிறது. எல்லாம் உண்மை. ஆனால் ஒரு முறை வெளிவருவது சராசரியாக 3 முதல் 4 மில்லி லிட்டர், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. 100 மில்லி லிட்டரில் ஏறத்தாழ 5 கிராம் புரதம் என்று வைத்தால் ஒரு முறைக்கு 0.2 கிராம் கூடத் தேறாது. ஒரு கோழி முட்டையில் 6 கிராம். முட்டைக் கணக்கு நேராக வேண்டுமென்றால் முப்பது தடவைக்கு மேல் வேண்டும். துத்தநாகமும் அப்படித்தான்: ஒரு முறைக்கு அரை மில்லி கிராம் அளவில் வரும். ஒரு கைப்பிடி பூசணி விதையில் அதைப்போல நான்கு மடங்கு இருக்கிறது. விழுங்கினால் உடம்பு பெருக்கும் என்ற பயமும் இதே கணக்கில் அடிபட்டுப் போகிறது. அதில் இருக்கும் கலோரி ஒரு வாய் காபியில் இருப்பதை விடக் குறைவு.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்தத் திரவத்தில் விந்தணுக்கள் சொற்பம். நூற்றில் ஐந்து பங்கைத் தாண்டாது. பெரும்பகுதி விந்துப் பையிலிருந்தும், மீதியில் அதிகம் புராஸ்டேட் சுரப்பியிலிருந்தும் வருகிறது. விந்தணு நீந்திப் போவதற்கான சர்க்கரை, திரவம் உறைந்து பிறகு இளகுவதற்கான என்சைம்கள் என்று எல்லாமே விந்தணுவின் பயணத்துக்குக் கட்டிய சோற்று மூட்டை. வயிற்றுக்குப் போனால் மற்ற எந்தப் புரதத்தையும் போல அமிலத்தில் வெந்து துண்டாகிவிடும். துளியூண்டு இருக்கும் ஆண் ஹார்மோனையும் கல்லீரல் பெரும்பாலும் அழித்துவிடும். டெஸ்டோஸ்டிரோன் தேவைப்படுகிறவர்களுக்கு மருத்துவர்கள் ஊசியும் ஜெல்லும் எழுதிக்கொடுப்பது அதனால்தான்.

"ஆராய்ச்சியே சொல்லியிருக்கு" என்பது அடுத்த இடறல். மனச்சோர்வுக் கதைக்கு மூலம் 2002இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு. ஆல்பனி நகரப் பல்கலைக்கழகத்தில் 293 மாணவிகளிடம் வினாத்தாள் கொடுத்துக் கேட்டார்கள். ஆணுறை இல்லாமல் உறவு கொள்கிறவர்களுக்கு மனச்சோர்வு மதிப்பெண் குறைவாக இருந்தது. அவ்வளவுதான். விழுங்குவதைப் பற்றியதே அல்ல அந்த ஆய்வு. பெண்ணுறுப்பின் வழியாக உறிஞ்சப்படலாம் என்று ஊகித்தார்கள். ஆணுறை தேவையில்லை என்று நினைக்கும் அளவுக்கு நிலையான உறவில் இருப்பவர்கள் வேறு காரணங்களாலும் நிம்மதியாக இருக்கலாமே. இரண்டு விஷயம் சேர்ந்து நடந்தால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. இந்த ஆய்வை வைத்து 2011 காதலர் தினத்துக்கு ஒரு தலையங்கம் எழுதிய லாசர் கிரீன்ஃபீல்ட் என்ற மூத்த அறுவைச் சிகிச்சை நிபுணர், அமெரிக்க அறுவை மருத்துவர்கள் சங்கத்தின் அடுத்த தலைவர் பதவியையே விட்டு விலக நேர்ந்தது.

கர்ப்பிணிக்கு நல்லது என்ற பேச்சுக்கும் ஒரு வேர் உண்டு. பிரீஎக்ளாம்ப்சியா என்ற கர்ப்பகால உயர் ரத்த அழுத்தம், கணவனின் விந்துவோடு முன்பே பழகிய உடலுக்குக் குறைவாக வருமோ என்று 2000இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் பார்த்தவர்கள் இரு தரப்பும் சேர்த்து நூறு பேர் கூட இல்லை. யோசிக்கத் தகுந்த கருதுகோள்தான், மருத்துவம் அல்ல. அந்த நோய் வரும் அபாயம் உள்ளவர்களுக்குச் சான்றோடு இருப்பது குறைந்த அளவு ஆஸ்பிரின், அதுவும் மருத்துவர் எழுதிக் கொடுத்து. சாப்பாட்டில் கால்சியம் குறைந்தவர்களுக்குக் கால்சியம் மாத்திரை. கால் வீங்கினாலோ, தலைவலி விடாமல் இருந்தாலோ, கண் மங்கினாலோ வீட்டில் எதையும் முயன்று பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

பிரசவ வலி சீக்கிரம் வர உதவும் என்பதும் இதே குடும்பம். கருப்பை வாயை இளக்க மருத்துவமனையில் வைக்கும் ஜெல்லில் உள்ள புராஸ்டாகிளாண்டின் விந்துவிலும் இருக்கிறது. (1935இல் சுவீடனின் உல்ஃப் வான் ஆய்லர் அது புராஸ்டேட்டிலிருந்து வருகிறது என்று எண்ணி அந்தப் பெயரை வைத்தார். பெரும்பாலும் விந்துப் பையிலிருந்து வருகிறது என்று பிறகு தெரிந்தது. பெயர் தப்பாகவே நிலைத்துவிட்டது.) உடலுறவால் வலி முந்தும் என்பதற்கே உறுதியான சான்று கிடைக்கவில்லை, விழுங்குவதற்கு எங்கே போவது?

இந்த நம்பிக்கைகளின் அடிவேரைத் தோண்டினால் நம் வீட்டுக்கே வந்து நிற்கிறது. உண்ட சோறு ரசமாகி, ரசம் ரத்தமாகி, பிறகு ஊன், கொழுப்பு, எலும்பு, மஜ்ஜை என்று படிப்படியாக வடிந்து கடைசியில் சுக்கிலம் என்ற விந்துவாகிறது என்பது ஆயுர்வேதமும் சித்தமும் சொல்லும் ஏழு தாதுக் கணக்கு. அந்தக் காலத்துக்கு அது ஓர் அழகான விளக்கம். அதிலிருந்துதான் "நாற்பது துளி ரத்தம் ஒரு துளி விந்து", "விந்து விட்டான் நொந்து கெட்டான்" எல்லாம் வந்தன. நம் ஊர்ச் சரக்கு மட்டும்தான் என்றும் நினைக்கவேண்டாம். சுவிட்சர்லாந்து மருத்துவர் திஸோ 18ஆம் நூற்றாண்டில் அதே நாற்பது மடங்கு ரத்தக் கணக்கை ஐரோப்பா முழுக்கப் பரப்பினார். போனால் உயிர் போகும் என்று நம்புகிறவன், உள்ளே வந்தால் உயிர் ஏறும் என்றும் நம்புவான். பயமும் ஆசையும் ஒரே நாணயத்தின் இரு பக்கம். 11ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய ஆயர் புர்க்ஹார்ட், கணவனின் காதல் பெருக அவன் விந்துவை உட்கொண்டாயா என்று பாவமன்னிப்பில் பெண்களிடம் கேட்கும்படி எழுதி வைத்திருக்கிறார். சீனத்தின் லீ ஷிஜென் 1596இல் அச்சான தன் மூலிகைப் பெருநூலில் மனித உடலிலிருந்து எடுக்கும் மருந்துகளையும் பதிவு செய்தார். ஆனால் உடல் திரவங்களை விழுங்கச் சொல்லும் ரகசிய வைத்தியர்களை மூடர்களை ஏய்க்கிறவர்கள் என்று அதிலேயே கண்டித்தார். பழைய நூலில் இருக்கிறது என்று காட்டுகிறவர்கள் கண்டனத்தை மட்டும் விட்டுவிடுவது எல்லா ஊரிலும் வழக்கம்.

விந்து வீணாகிறதே என்ற பயத்தில் சோர்வு, உடல்வலி, தூக்கமின்மை என்று வாடுகிறவர்களின் நிலைக்கு மனநல மருத்துவர் என்.என்.விக் 1960இல் தாத் நோய்க்குறி என்று பெயரிட்டார். இலங்கையிலும் இதே துன்பத்தை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சிகிச்சை, பயத்தைப் பேசித் தீர்ப்பதும் தேவைப்பட்டால் மனச்சோர்வுக்கு மருந்தும். நம் பையன்களோ பேருந்து நிலையச் சுவரொட்டியைப் பார்த்து லாட்ஜ் அறைக்குப் போகிறார்கள். இத்தனைக்கும் ஆண்மை பெருக்கும் மருந்தென்று விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

சத்து என்று நம்புகிறவர் அது சுத்தம் என்றும் நம்பிவிடுகிறார். உண்மையான ஆபத்து இங்கேதான். வெட்டை எனப்படும் கொனோரியா தொண்டையில் தங்கும். பெரும்பாலும் வலியோ அறிகுறியோ இருக்காது. மேகப்புண் (சிபிலிஸ்), ஹெர்பிஸ், எச்பிவி என்ற வைரஸ் எல்லாம் வாய்வழி உறவில் பரவக்கூடியவை. எச்பிவியின் சில வகைகள் தொண்டைப் புற்றுநோய் வரை போகும். எச்ஐவி இவ்வழியில் தொற்றும் வாய்ப்பு குறைவு, ஆனால் வாய்ப்புண்ணோ ஈறில் ரத்தக்கசிவோ இருந்தால் கூடும். அதனால் உறவுக்குச் சற்று முன் பல் துலக்குவதைத் தவிர்க்கச் சொல்வார்கள். துலக்குவதற்குப் பதில் வாய் கொப்பளிக்கலாம். ஆள் பார்க்கச் சுத்தமாக இருக்கிறார் என்பது பரிசோதனை ஆகாது. அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் எச்ஐவி சோதனை இலவசம், விவரத்துக்கு 1097. மஞ்சள்காமாலை பி வகைக்கும் எச்பிவிக்கும் தடுப்பூசி இருக்கிறது.

அரிதாகச் சிலருக்கு விந்துவே ஒவ்வாது. பட்ட இடம் சில நிமிடங்களில் அரித்து, தடித்து, வீங்கும். மூச்சு முட்டினால் அவசர சிகிச்சை. முகப்பொலிவுக்குப் பூசிக்கொள்கிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம். பொலிவு வரும் என்பதற்குச் சான்று ஏதும் இல்லை.

எனக்கு உறுத்துவது வேறொன்று. இந்தச் சத்துக் கதைகள் பெரும்பாலும் தயங்கும் மனைவியிடமோ காதலியிடமோதான் சொல்லப்படுகின்றன. "உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்" என்பதில் நல்லது யாருக்கு என்று கேட்டுப் பார்க்கவேண்டும். பிடிக்கவில்லை என்பதற்கு மருத்துவக் காரணம் தேவையில்லை. பிடித்திருக்கிறது என்றாலும் சத்துக் கணக்கு தேவையில்லை.

விழுங்கினால் கர்ப்பமாகுமா என்று கேட்கிறவர்கள் இன்றும் நிறைய. ஆகாது. இரைப்பைக்கும் கருப்பைக்கும் வழி கிடையாது. ஆனால் அதே நேரத்தில் விரலிலோ துணியிலோ ஒட்டி, பெண்ணுறுப்பின் வாயருகே பட்டிருந்தால் சிறிய வாய்ப்பு உண்டு. அப்படி இருந்தால் 72 மணி நேரத்துக்குள் அவசரக் கருத்தடை மாத்திரை, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தமிழ்நாட்டில் பல மருந்துக்கடைகள் அதை வைத்திருப்பதில்லை என்பதால், அலைந்து நேரத்தை விடாமல் மகப்பேறு மருத்துவரிடமோ அரசு மருத்துவமனையிலோ கேளுங்கள்.