ஒரு பாத்ரூமில் ஆவி, அடுத்ததில் பச்சைத்தண்ணி: சோலார் ஹீட்டர் லைனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போடிமெட்டு ஏறி பூப்பாறை, சின்னக்கானல், மூணாறு என்று பிளம்பிங் வேலைக்குப் போகும் புதுப் பையன்கள் இப்போது நிறைய. ஹோம்ஸ்டே என்றால் ஏழெட்டு பாத்ரூம் இருக்கும். மார்கழிக் குளிரில் எல்லாவற்றிலும் ஒரே சூட்டில் தண்ணீர் வரவேண்டும். ஆரம்பத்தில் நாங்கள் அடித்த கூத்தையே இவர்களும் அடிக்கிறார்கள். பேனல் தெற்குப் பார்த்து இருக்கணும், மரநிழல் விழக்கூடாது என்பதெல்லாம் மெஷினோடு வரும் தாளிலேயே இருக்கிறது. அதை விடுங்கள்.

பைப் பெரிதாக இருந்தால் நல்லது என்ற நினைப்பு

ஒரு இன்ச் சிபிவிசி (சூடு தாங்கும் பிளாஸ்டிக்) பைப்பில் மீட்டருக்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் நிற்கும். 25 மீட்டர் தள்ளி இருக்கும் கடைசி பாத்ரூம் வரை முழுக்க இதே பைப் என்றால், காலையில் சுமார் 10 லிட்டர் குளிர்ந்த தண்ணீர் போன பிறகுதான் சூடு வரும். மெயின் லைன் ஒரு இன்ச், கிளைக்கு முக்கால், குழாய்க்கு அரை என்று குறைத்துக்கொண்டே வாருங்கள். வீடு ரொம்ப நீளமென்றால் ரிட்டர்ன் லைனும் (ஆறின தண்ணீரை டேங்குக்கே திருப்பும் பைப்) சின்ன பம்பும் போட்டுத்தான் ஆகவேண்டும்.

ஹீட்டரைக் குறை சொல்வது

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இதில்தான். சூடு பத்தவில்லை என்றதும் மெஷின் சின்னது, ட்யூப் போச்சு என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். சூரியநெல்லிக்கு மேலே ஒரு ஹோம்ஸ்டேயில் அப்படிச் சொல்லியே 300 லிட்டரில் இரண்டாவது மெஷின் வாங்க வைத்திருந்தார்கள். அப்புறமும் கீழ்த்தளத்தில் பச்சைத்தண்ணிதான். "அண்ணாச்சி, ராத்திரி யாரும் குழாய் திறக்காமலே மோட்டார் ஓடி ஓடி நிக்குது" என்று அங்கே வேலை பார்த்த பையன் பேச்சுவாக்கில் சொன்னான். மொட்டைமாடிக்குப் போய் சிந்தெக்ஸில் கைவிட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது. குளிர்ந்த தண்ணீர் இருக்கவேண்டிய டேங்க் அது!

விஷயம் இதுதான். பச்சைத்தண்ணி லைனில் பிரஷர் பம்ப். அழுத்தம் 2 பார். சுடுதண்ணி லைன் மேலிருந்து தானாக இறங்குவது. இரண்டு மாடி உயரத்துக்கு அரை பாருக்குச் சற்று மேல் கிடைத்தால் பெரிது. இரண்டு லைனும் எங்காவது ஒட்டினால் பலமுள்ளது மற்றதற்குள் ஏறும். ஏறிய பச்சைத்தண்ணி சோலார் டேங்க் வரை போய், அங்கிருந்த சூட்டை சிந்தெக்ஸுக்கே தள்ளிவிடும். ஒட்டின இடத்துக்குப் பக்கத்து பாத்ரூம்களில் குளிரும், தள்ளி இருப்பவற்றில் சூடும் வருவது அதனால்தான்.

கண்டுபிடிக்க மீட்டர் எதுவும் வேண்டாம். சோலார் டேங்கிலிருந்து வெளியே வரும் லைனின் கேட் வால்வை இறுக மூடுங்கள். கீழே சுடுதண்ணிக் குழாயைத் திறந்து வையுங்கள். பைப்பில் நின்றது வடிந்து நின்றுபோக வேண்டும். நிற்காமல் வேகமாக வந்துகொண்டே இருந்தால் அது பச்சை லைனிலிருந்து வருகிற தண்ணீர். பிறகு ஒவ்வொரு பாத்ரூமாக ஆங்கிள் காக்கை (சுவரில் லைன் வெளிவரும் இடத்துச் சின்ன வால்வு) மூடிப் பாருங்கள். எதை மூடும்போது நிற்கிறதோ அங்கேதான் கோளாறு.

அந்த வீட்டில் அது ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருந்தது. கட்டும்போது பிரஷர் டெஸ்டுக்காக கீசருக்கு விட்ட சூடு, பச்சை பாயின்ட் இரண்டையும் ஒரு கனெக்‌ஷன் பைப்பால் இணைத்தவர்கள் கழற்ற மறந்திருக்கிறார்கள். ஆங்கிள் காக் பாதி மூடியிருந்ததால் சத்தம்கூட இல்லை. ஒன்றரை அடிப் பைப்! அதற்காக ஒரு மெஷின் காசு. மற்ற வீடுகளில் பெரும்பாலும் கைப்பிடியில் பட்டன் வைத்த ஹேண்ட் ஷவர்தான் காரணம். சூடும் பச்சையும் கலக்கும் மிக்ஸரை மூடாமல் பட்டனை மட்டும் அமுக்கிவிட்டுப் போனால் உள்ளே இரண்டு லைனும் கலந்துகொண்டே இருக்கும்.

முடிந்தால் இரண்டு லைனுக்கும் ஒரே அழுத்தம் வருகிற மாதிரி செய்யுங்கள். பம்பைச் சாதாரண சோலார் டேங்குக்குள் தள்ளுகிற மாதிரி மட்டும் கொடுக்காதீர்கள், அது அழுத்தம் தாங்காது. முடியாவிட்டால் மிக்ஸருக்கு முன்னால் என்ஆர்வி, அதாவது தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் வால்வு.

ஸ்பிரிங் என்ஆர்வி

மேலிருந்து தானாக இறங்கும் லைனுக்கு ஸ்விங் டைப் (உள்ளே தகடு ஊஞ்சல் மாதிரி ஆடித் திறப்பது) வாங்குங்கள். ஸ்பிரிங்கைத் தள்ளித் திறக்க அந்தத் தண்ணீருக்குத் தெம்பு பத்தாமல் போகலாம்.

காற்றுப் பைப்பை அடைப்பது

சோலார் டேங்கில் காற்று போய்வர விட்டிருக்கும் பைப் சொட்டுகிறது என்று அடைக்காதீர்கள். டேங்க் போய்விடும்.

பைப்பை ஏற்றி இறக்குவது

பீமைத் தாண்ட லைனை மேலே தூக்கி மறுபடி இறக்கினால் அந்த மேட்டில் காற்று தங்கும். சூடாகும் தண்ணீர் காற்றை வெளியே விடும், ஆகவே சுடுதண்ணி லைனில் இது இன்னும் அதிகம். தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால் உச்சியில் ஒரு ஏர் வென்ட் வையுங்கள்.

மழைக்காலத்தில் கரன்ட் ஹீட்டரைக் காலையில் போடுவது

ஜூன், ஜூலையில் மூணாறில் வெயிலை நம்ப முடியாது. 200 லிட்டரை 18 டிகிரியிலிருந்து 58-க்குக் கொண்டுவர டேங்குக்குள் இருக்கும் 2 கிலோவாட் கரன்ட் காயிலுக்கு நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஐந்து மணிக்கு சுவிட்சைப் போட்டுவிட்டு ஆறு மணிக்குக் குளிக்க வந்தவரிடம் திட்டு வாங்குவதைவிட, டைமர் வைத்து நடுராத்திரியிலேயே ஓடவிடுங்கள்.