டர்பன் வீட்டு ஃப்ரிக்கடெல்: ஓவனில் சுடும் கறி உருண்டை

தென்னாப்பிரிக்காவில் ஃப்ரிக்கடெல் தெரியாதவர்கள் குறைவு. கொத்துக்கறியோடு ஊறிய ரொட்டி, முட்டை, வெங்காயம் சேர்த்து உருட்டி ஓவனில் சுடுகிற பழைய காலத்து உருண்டை இது. 1652-இல் நாட்டின் தென்முனைப் பகுதியான கேப்பில் குடியேறிய டச்சுக்காரர்களின் சமையலில் இருந்து வந்தது. வறுத்த கொத்தமல்லி விதை, ஜாதிக்காய், கிராம்பு, கொஞ்சம் வினிகர்: அதன் வாசனை இவ்வளவுதான். டர்பன் பக்கத்துத் தமிழ் வீடுகளில் பச்சை மிளகாயும் இஞ்சி பூண்டும் கூடச் சேரும்.

முதன்முதலாகக் கறி சமைக்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று ஒவ்வொன்றாகத் திருப்பிப்போட வேண்டியதில்லை. தட்டை ஓவனுக்குள் தள்ளிவிட்டால் சோறு வடிக்கவும் சாலட் நறுக்கவும் நேரம் கிடைக்கும். சமைத்தவரும் எல்லோரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம்.

கறி வாங்கும்போது

நாட்டில் பரவலாக மாட்டுக்கறியில் செய்கிறார்கள். மாட்டுக்கறி சேராத வீடுகளில் ஆட்டுக்கறி மின்ஸ், அதாவது கொத்துக்கறி, போதும், சுவை குறையாது. தோள்பட்டைக் கறியைக் கொழுப்போடு ஒரே ஒரு முறை அரைத்துத் தரச் சொல்லுங்கள். கொழுப்பே இல்லாத மின்ஸ் உடம்புக்கு நல்லதென்று வாங்கினால் உருண்டை வறண்டு போகும். கோழி என்றால் தொடைக்கறி. புரட்டாசி முழுக்கக் கறி தொடாத வீடுகள் இங்கே நிறைய. விரதம் முடிந்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு இது நல்ல விருந்து.

நான்கைந்து பேருக்கு: மின்ஸ் 500 கிராம், வெள்ளை ரொட்டி 2 துண்டு, பால் 100 மில்லி, பெரிய வெங்காயம் 1, முட்டை 1, கொத்தமல்லி விதை 1 மேசைக்கரண்டி, துருவிய ஜாதிக்காய் கால் தேக்கரண்டி, கிராம்புத் தூள் ஒரு சிட்டிகை, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, இஞ்சி பூண்டு விழுது 1 தேக்கரண்டி, பச்சை மிளகாய் 2, ஒரு கைப்பிடி கொத்தமல்லித் தழை, வினிகர் 1 மேசைக்கரண்டி, உப்பு ஒன்றேகால் தேக்கரண்டி.

முதலில் ரொட்டி

ரொட்டியின் ஓரத்தை நீக்கிப் பிய்த்துப் போட்டு, பாலில் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கூழாக மசியுங்கள். பிழிய வேண்டாம். கறியை நிறையக் காட்டலாம் என்று ரொட்டியைக் குறைக்கிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் உருண்டை கல்லாகிவிடும். சூட்டில் கறியின் புரதம் சுருங்கித் தன் சாற்றை வெளியே தள்ளும். இடையில் இருக்கும் பால் ரொட்டி அந்த இறுக்கத்தைத் தடுத்து ஈரத்தைப் பிடித்துவைக்கும். மென்மை முழுக்க இந்தக் கூழில்தான் இருக்கிறது.

கொத்தமல்லி விதையை வெறும் சட்டியில் சிறுதீயில் வாசனை எழும்வரை வறுத்து, உரலில் கொரகொரப்பாக இடியுங்கள். கடைத் தூளில் இந்த மணம் வராது. வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி எண்ணெயில் வதக்கி, நன்றாக ஆறவிடுங்கள். பச்சையாகப் பெரிய துண்டுகளாகப் போட்டால் அந்த இடத்தில் உருண்டை பிளக்கும்.

பிசையும் கை

மின்ஸைத் தவிர மற்ற எல்லாவற்றையும் முதலில் ரொட்டிக் கூழில் கலந்துவிடுங்கள். கடைசியில் குளிர்ந்த மின்ஸைச் சேர்த்து, விரல் நுனிகளால் புரட்டிப் புரட்டி, எல்லாம் ஒன்று கலந்ததும் கையை எடுத்துவிடுங்கள். சப்பாத்தி மாவு மாதிரி அழுத்திப் பிசைந்தால், உப்புப் பட்ட கறி பசையாகி, வெந்ததும் ரப்பர் போல இழுக்கும்.

ஒரு சிறு துண்டைத் தட்டிச் சட்டியில் பொரித்து உப்பும் உறைப்பும் பாருங்கள். பச்சைக் கறியை நாக்கில் வைத்துப் பார்க்கவே கூடாது. சரிசெய்தபின் கலவையை அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். பிறகு கையை ஈரமாக்கிக்கொண்டு எலுமிச்சம்பழ அளவில் உருட்டினால் சுமார் 16 உருண்டை வரும். எண்ணெய் தடவிய ஆழமான தட்டில் இடைவெளி விட்டு அடுக்குங்கள். ஒட்டி அடுக்கினால் சிவக்காது, ஆவியில்தான் வேகும்.

குழம்பும் ஓவனும்

ஓவனை 200 டிகிரி செல்சியஸில் முன்கூட்டியே சூடாக்கி, உருண்டைகளைப் பன்னிரண்டு நிமிடம் சுடுங்கள். சுடத் தொடங்கும் முன்பே குழம்பு தயாராக இருக்க வேண்டும். எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, ஒரு வெங்காயம் வதக்கி, ஒரு தேக்கரண்டி மசாலாத் தூள், நான்கு பழுத்த தக்காளி, உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை சேர்த்து எண்ணெய் பிரியும்வரை வேகவிட்டு, ஒரு கப் வெந்நீர் ஊற்றிக் கொதிக்கவைப்பதுதான் குழம்பு. டர்பனின் விக்டோரியா தெரு மார்க்கெட்டில் குவியல் குவியலாக வைத்திருக்கும் மசாலாக்களில் காரம் குறைந்ததே இதற்குப் போதும். காரம் மிஞ்சினால் ஜாதிக்காய் வாசனை காணாமல் போய்விடும்.

உருண்டைகள் மேலே சிவந்ததும் கொதிக்கும் குழம்பைச் சுற்றிலும் ஊற்றி, சூட்டை 180-க்குக் குறைத்து இன்னும் பதினைந்து நிமிடம் விடுங்கள். உணவு வெப்பமானி இருந்தால் நடுவில் குத்திப் பாருங்கள்: ஆட்டுக்கறிக்கு 71 டிகிரி, கோழிக்கு 74. இல்லாவிட்டால் ஒன்றைப் பிளந்து பாருங்கள். உள்ளே பச்சையாகவோ, வடியும் சாறு சிவப்பாகவோ இருந்தால் இன்னும் ஐந்து நிமிடம். வெளியே எடுத்ததும் ஐந்து நிமிடம் ஆறவிட்டால் சாறு உள்ளேயே தங்கும்.

நடுவில் மின்சாரம் போனால் பதறாதீர்கள். அகலமான சட்டியில் குழம்போடு உருண்டைகளைப் போட்டு மூடி, எரிவாயு அடுப்பில் சிறுதீயில் வேகவிடுங்கள். மேல் மொறுமொறுப்பு மட்டும்தான் குறையும்.

வெள்ளைச் சோறு, பருப்பு, துருவிய கேரட்டில் வினிகரும் பச்சை மிளகாயும் போட்ட சம்பால்: பக்கத்தில் இவை போதும். குழந்தைகள் இருந்தால் மசித்த உருளைக்கிழங்கும் வையுங்கள். சமைத்து மிஞ்சியது குளிர்பெட்டியில் மூன்று நாள் தாங்கும். அடுத்த விருந்துக்கு முன்கூட்டியே செய்வதானால், பச்சை உருண்டைகளைத் தட்டில் தனித்தனியாக உறையவைத்து, பிறகு பைக்கு மாற்றுங்கள். சுடுவதற்கு முந்தைய இரவே உறைபெட்டியிலிருந்து குளிர்பெட்டிக்கு இறக்கிவிட வேண்டும்.