பல்கலைக்கழகப் போர்ட்டலைத் திருத்தும் முன் ஜெராக்ஸ் கடைக்குப் போங்கள்

தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாள் நெருங்கும்போது பல்கலைக்கழகம் உள்ள அண்ணாமலைநகரிலோ புதுச்சேரிக் காலாப்பட்டிலோ ஒரு ஜெராக்ஸ் கடையில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். கையில் செல்போன் இருந்தும் காசு கொடுத்து விண்ணப்பத்தை நிரப்பச் சொல்லும் மாணவர் இருந்தால், போர்ட்டல் எங்கே இடிக்கிறது என்று அவரையும் கடைக்காரரையும் கேளுங்கள். நிறம், லோகோ பேச்செல்லாம் அதற்குப் பிறகு.

அடுத்து, போன இரண்டு செமஸ்டரில் அலுவலகத்துக்கு வந்த புகார்களை வேலைவாரியாக எண்ணுங்கள். பெரும்பாலும் கட்டணம், ஹால் டிக்கெட், மதிப்பெண், சான்றிதழ் என்று நான்கில் அடங்கிவிடும். முதல் திரையில் அந்த நான்கும் இருக்கட்டும். ஓடும் அறிவிப்பும் துணைவேந்தர் படமும் கீழே போகலாம். இதற்கு அனுமதி வாங்குவதுதான் முழு வேலையிலும் கடினம்.

மெனுவை நீங்களே யோசித்து எழுதாதீர்கள். போர்ட்டலின் பக்கத்துக்கு ஒன்றாக 40 துண்டுச் சீட்டுகள் எழுதி, 15 மாணவர்களிடம் தனித்தனியாகக் கொடுத்து, சேர்ந்தவற்றை அடுக்கி அவர்கள் சொல்லிலேயே பெயர் வைக்கச் சொல்லுங்கள். ‘தேர்வுக் கட்டுப்பாட்டுப் பிரிவு’ என்பது அலுவலகத்தின் கணக்கு. மாணவர் தேடுவது ‘அரியர்’.

படிவத்தில் முதலில் உதைப்பது பெயர்தான். முதற்பெயர், குடும்பப்பெயர் இரண்டும் கட்டாயம் என்றால், இனிஷியல் மட்டும் உள்ளவர் ஒரு புள்ளியையோ அப்பா பெயரையோ போடுவார். பட்டச் சான்றிதழ் வரும்போது பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகாது. ‘பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி’ என்று ஒரே கட்டம் போதும். புகைப்படம் 50 கேபிக்குள் வேண்டுமென்றால் அதைச் சுருக்குவது போர்ட்டலின் வேலை.

பணம் கட்டும் பக்கத்துக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். கணக்கில் பணம் கழிந்து திரை நின்றுவிட்டால் மாணவர் மறுபடி கட்டுவார். பொத்தானை ஒருமுறைக்கு மேல் அழுத்த முடியாமல் செய்தால் மட்டும் தீராது. அவர் வேறு போனில் வருவார். ஒரு கட்டணத்துக்கு ஒரே ஆர்டர் எண் என்று சர்வரில் வையுங்கள். மீண்டும் கட்டும் பொத்தானைக் காட்டும் முன் வங்கியோடு பணத்தைப் பரிமாறும் சேவையான பேமென்ட் கேட்வேயிடம் நிலையைக் கேளுங்கள். பதில் வரும்வரை ‘சரிபார்க்கிறோம், மறுபடி கட்ட வேண்டாம்’ என்று தமிழில் காட்டுங்கள்.

நவம்பர், டிசம்பர் தேர்வுக் காலம். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். கரண்டும் டவரும் போகும். ஒவ்வொரு படியையும் சர்வரில் சேமியுங்கள். லாகின் காலாவதியாகும் முன் குறைந்தது 20 நொடி எச்சரித்து, ஒரே தொடுதலில் நீட்டிக்க விடுங்கள்.

தமிழ்ச் சொற்கள் நீளம். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பொத்தானில் ‘விண்ணப்பிக்கவும்’ பாதியில் வெட்டுப்படும், அகலத்தைக் கட்டிப்போடாதீர்கள். யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய அறிவிப்பை யூனிகோடுக்கு மாற்றாமல் ஒட்டினால் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிர்வு வேறுபாடு (கான்ட்ராஸ்ட் விகிதம்) 4.5:1-க்குக் குறையக் கூடாது. புதுச்சேரி என்றால் மாஹே, ஏனாம் மாணவர்களும் உண்டு. மொழிப் பட்டியலில் மலையாளம், தெலுங்கின் பெயர்களை அந்தந்த எழுத்திலேயே போடுங்கள்.

மாதிரித் திரை தயாரானதும் அதைச் சோதிக்க, ஒரு சுற்றுக்கு ஐந்து மாணவர்கள் போதும். விலை குறைந்த பழைய ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களும் இருக்கட்டும். ‘போன செமஸ்டர் அரியருக்குப் பணம் கட்டி ரசீதை எடுங்கள்’ என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். விரல் தயங்கும் இடத்தைக் குறித்துத் திருத்தி, வேறு ஐந்து பேரை அழையுங்கள். ஒரே தடவை பதினைந்து பேரை உட்காரவைப்பதைவிட மூன்று சுற்று மேல். முதல் சுற்றின் தவறே மற்ற தவறுகளை மறைத்திருக்கும்.

கட்டண வாரத்தில் புதியதை ஏற்றாதீர்கள், விடுமுறையில் ஏற்றுங்கள். பழைய முகவரிகளைப் புதிய பக்கங்களுக்குத் திருப்பிவிட மறக்க வேண்டாம். வாட்ஸ்அப் குழுக்களில் பழைய லிங்க்தான் வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும்.