லேப் கம்ப்யூட்டர்களில் ஐ.பி. முகவரி மோதல்: மறுபக்கம் இருப்பதைத் தேடிப் பிடிக்கும் முறை

ஐ.பி. முகவரி என்பது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உரிய எண்; இரண்டு கருவிகள் ஒரே எண்ணை வைத்திருந்தால் அது மோதல். அப்படி மோதுகிறது என்று ஒரு கம்ப்யூட்டரில் செய்தி வந்தால், அதன் கடைசி எண்ணை மாற்றிவிட்டு அடுத்த வேலைக்குப் போவதுதான் பல லேப்களில் வழக்கம். அன்றைக்கு அது ஓடும். புதிதாகப் போட்ட எண் ஏற்கெனவே வேறொன்றுக்குக் கொடுத்ததாக இருந்தால், அடுத்த வாரம் மோதல் வேறு மேசையில் முளைக்கும். செய்தி காட்டும் கம்ப்யூட்டர் சரியாகவே அமைக்கப்பட்டிருக்கலாம். மறுபக்கம் அதே முகவரியை வைத்திருப்பது எது என்று தெரியாமல் எதையும் மாற்றாதீர்கள்.

விண்டோஸ் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று தெரிந்தால் தேடுவது சுலபம். நெட்வொர்க் கார்டு உயிர் பெற்றதும், தன் முகவரியை வேறு யாராவது வைத்திருக்கிறார்களா என்று ஏ.ஆர்.பி. (ஒரு முகவரி எந்தக் கார்டிடம் உள்ளது என்று நெட்வொர்க்கில் கேட்டறியும் முறை) மூலம் எல்லோரையும் கேட்கிறது. யாராவது 'நான் வைத்திருக்கிறேன்' என்று பதில் சொன்னால், புதிதாக வந்தது ஒதுங்கிக்கொள்ளும். முதலில் ஆன் செய்தது முகவரியைத் தக்கவைத்துக்கொள்ளும். விண்டோஸ் எக்ஸ்.பி.யில் ஒதுங்கிய கம்ப்யூட்டர் 0.0.0.0 என்று காட்டும். தினமும் எது முதலில் ஆன் ஆகிறதோ அதைப் பொறுத்து பாதிக்கப்படும் மேசையும் மாறுவது இதனால்தான். தானாக முகவரி வாங்கும் கம்ப்யூட்டரில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், முகவரிகளை விநியோகிக்கும் டி.எச்.சி.பி. சர்வரிடமிருந்து பதிலே வரவில்லை என்று பொருள். முதலில் கேபிளையும் ஸ்விட்சையும் பாருங்கள்.

முதலில் முகவரி கையால் போட்டதா, தானாக வந்ததா என்று பார்க்க வேண்டும். கமாண்ட் பிராம்ப்டில் 'ஐபிகான்ஃபிக் /ஆல்' கொடுத்து 'டி.எச்.சி.பி. எனேபிள்ட்' என்ற வரியைப் படியுங்கள். விண்டோஸ் 95, 98 என்றால் ரன் பெட்டியில் 'வின்ஐபிசிஎஃப்ஜி'. தானாக வந்த முகவரி என்றால் 'ஐபிகான்ஃபிக் /ரிலீஸ்' கொடுத்து அதை விட்டுவிட்டு, பிறகு '/ரினியூ' கொடுத்துப் புதிதாக வாங்கிப் பார்க்கலாம். கையால் போட்ட முகவரிக்கு இந்த இரண்டும் பயன்படாது, எக்ஸ்.பி.யின் 'ரிப்பேர்' பட்டனும் அந்த முகவரியை மாற்றாது.

அடுத்து எதிராளியின், அதாவது அதே எண்ணை வைத்திருக்கும் மறு கருவியின், மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்). செய்தி காட்டும் கம்ப்யூட்டரின் கேபிளைக் கழற்றிவிட்டு, அதே நெட்வொர்க்கில் உள்ள மூன்றாவது கம்ப்யூட்டருக்குப் போங்கள். மோதும் முகவரி 192.168.1.35 என்று வைத்துக்கொள்வோம். 'ஏஆர்பி -டி *' (arp -d *) கொடுத்துப் பழைய பதிவுகளை அழியுங்கள். 'பிங் 192.168.1.35' கொடுத்து அந்த முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று பாருங்கள். உடனே 'ஏஆர்பி -ஏ' கொடுத்து 35க்கு நேராக உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிங்குக்குப் பதில் வராவிட்டால் எதிராளி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். எக்ஸ்.பி. சர்வீஸ் பேக் 2 முதல் ஃபயர்வால் பிங்கைத் தடுக்கிறது, ஏ.ஆர்.பி. கேள்விக்கு மட்டும் கம்ப்யூட்டர் பதில் சொல்லியே ஆக வேண்டும். அதனால் மேக் முகவரி பட்டியலில் வந்துவிடும். லினக்ஸில் 'ஏஆர்பிங்' கட்டளை இதே வேலையைச் செய்யும்.

எதிராளி அந்த நேரத்தில் ஆஃப் ஆகியிருந்தால், பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டரின் ஈவென்ட் வியூவரில் (விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடு) சிஸ்டம் பகுதியைத் திறந்து 4198 அல்லது 4199 என்ற எண்ணைத் தேடுங்கள். மோதிய மேக் முகவரி அங்கே எழுதப்பட்டிருக்கும். பழைய மதர்போர்டில் சி.ஆர். 2032 பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி பின்னோக்கிப் போயிருக்கும். பதிவில் உள்ள நேரத்தை நம்பித் தேடினால் கிடைக்காது, எண்ணை வைத்தே தேடுங்கள்.

மேக் முகவரியின் முதல் மூன்று ஜோடிகள் கார்டு தயாரிப்பாளரைச் சொல்லும். 08-00-27 என்றால் விர்ச்சுவல்பாக்ஸ், 00-50-56 என்றால் வி.எம்.வேர்: தேடுவது பெட்டியை அல்ல, ஏதோ ஒரு கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாகவே ஓடும் இன்னொரு கம்ப்யூட்டரை, அதாவது விர்ச்சுவல் மெஷினை. விண்டோஸ் என்றால் 'என்பிடிஸ்டாட் -ஏ' போட்டு முகவரியைக் கொடுங்கள், பெயரே வந்துவிடலாம். இங்கே ஏ பெரிய எழுத்தாக இருக்க வேண்டும்; சிறிய எழுத்து, முகவரிக்குப் பதில் பெயரைக் கேட்கும். மேனேஜ்டு ஸ்விட்ச் (உள்ளே நுழைந்து அமைப்புகளைப் பார்க்கக்கூடியது) இருந்தால் அதன் மேக் அட்டவணை எந்த போர்ட் என்று காட்டும். சாதாரண ஸ்விட்ச் என்றால் ஒவ்வொரு கேபிளாகக் கழற்றி, மேலே சொன்ன ஏஆர்பி, பிங் கட்டளைகள் மூன்றையும் திரும்பக் கொடுத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. பாதி கேபிள்களை ஒரே நேரத்தில் கழற்றி, பிறகு அதில் பாதி என்று போனால் 24 போர்ட்டையும் ஐந்து முறையில் முடிக்கலாம்.

பழைய லேப்களில் மோதல் வரும் இடங்கள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப ஒன்றேதான். கையால் முகவரி போட்ட ஒரு கம்ப்யூட்டரை அப்படியே இமேஜ் எடுத்து, அதாவது ஹார்ட் டிஸ்க்கை முழுதாக நகலெடுத்து, மற்றவற்றில் இறக்கினால் எல்லாமே ஒரே முகவரியோடு எழும். கடைசி வரிசையில் நாள்கணக்கில் ஆஃப் ஆகிக் கிடக்கும் கம்ப்யூட்டரில் கையால் போட்ட முகவரி டி.எச்.சி.பி. வரம்புக்குள் இருந்தால், சர்வர் அதை வேறொன்றுக்குக் கொடுத்துவிடும். தேர்வு நாளில் எல்லாவற்றையும் ஆன் செய்யும்போது வெடிக்கும். விண்டோஸ் சர்வரில் முகவரி கொடுக்கும் முன் பிங் செய்து பார்க்கும் வசதி உண்டு. எத்தனை முறை பார்ப்பது என்ற எண் இயல்பாக 0. 1 அல்லது 2 ஆக்குங்கள். ஆனால் பிங்கைத் தடுக்கும் ஃபயர்வாலுக்குப் பின்னால் இருப்பது அதன் கண்ணிலும் படாது.

யாரோ கொண்டுவந்து செருகிய வீட்டு ரௌட்டர் இன்னும் மோசம். அதன் முகவரியும் 192.168.1.1 என்றால் மோதுவது லேப்பை இணையத்தோடு இணைக்கும் கேட்வேயோடு. லேப் முழுவதும் இணையம் விட்டுவிட்டு வரும். அது தனியாக முகவரிகளையும் விநியோகிக்கும். 'ஐபிகான்ஃபிக் /ஆல்' காட்டும் டி.எச்.சி.பி. சர்வர் வரி மேசைக்கு மேசை வேறுபட்டால் இதுதான்.

இரண்டு பிரச்சினைகள் மோதல் போலத் தெரிந்தாலும் வேறு. விர்ச்சுவல் மெஷினை நகலெடுத்து மேக் முகவரியே ஒன்றாகிவிட்டால் எச்சரிக்கை எதுவும் வராது. இரண்டிலும் இணைப்பு மாறி மாறி அறுபடும். நகலுக்குப் புது மேக் முகவரி கொடுக்க வேண்டும். எக்ஸ்.பி.யில் பழைய கார்டைக் கழற்றிப் புதிதாகப் போட்ட பிறகு 'இந்த முகவரி வேறொரு அடாப்டருக்கு உள்ளது' என்று வந்தால், மோதுவது அதே கம்ப்யூட்டரில் மறைந்திருக்கும் பழைய கார்டின் பதிவு. கமாண்ட் பிராம்ப்டில் 'செட் டெவ்எம்ஜிஆர்_ஷோ_நான்பிரசன்ட்_டிவைசஸ்=1' (set devmgr_show_nonpresent_devices=1) கொடுத்து, அதே ஜன்னலிலிருந்தே டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மறைந்தவற்றைக் காட்டச் சொல்லி, மங்கலாகத் தெரியும் பழைய கார்டை நீக்குங்கள்.

கண்டுபிடித்தாயிற்று என்றால் முகவரிகளைப் பிரித்து வையுங்கள். கடைசி எண் 1 கேட்வேக்கு, 2 முதல் 20 வரை சர்வருக்கும் பிரிண்டருக்கும், 21 முதல் 80 வரை கையால் போடுபவைக்கு, 100 முதல் 200 வரை டி.எச்.சி.பி.க்கு. கையால் போட்ட எந்த எண்ணும் டி.எச்.சி.பி. வரம்புக்குள் விழவே கூடாது. எங்கள் பரிந்துரை, லேப் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றையும் தானியங்கிக்கு மாற்றி, மேக் முகவரியை வைத்து சர்வரிலேயே நிலையான எண்ணை ஒதுக்குவது. கார்டு மாற்றினால் அந்தப் பதிவையும் அன்றே மாற்றுங்கள்.

ரீஸ்டார்ட்டில் எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பும் டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருள்கள் இருந்தால் முதலில் பூட்டைத் திறந்துவிட்டு மாற்றுங்கள். இல்லையென்றால் அடுத்த ரீஸ்டார்ட்டில் பழைய முகவரி திரும்ப வந்து நிற்கும். இமேஜுக்கான மூலக் கம்ப்யூட்டரையும் தானியங்கியில் வைத்து, புது இமேஜ் எடுத்துப் பழையதை அழித்துவிடுங்கள்.