மின்விசிறிக்குக் கீழே ஸ்டீரியோ: குறைந்த செலவில் பாட்டுப்பெட்டி அமைப்பவர்கள் செய்யும் தவறுகள்

மே மாத மாலையில் மதுரை வீடு ஒன்றில் எல்லோரும் எங்கே உட்காருவார்கள் என்று கேட்டால், விடை ஒன்றுதான்: ஹாலில், மின்விசிறிக்கு நேர் கீழே. ஸ்டீரியோ அமைக்கச் சொல்லித்தரும் படங்களிலோ இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸ் இருக்கும், எதிரே ஒற்றை நாற்காலி இருக்கும். எங்கள் செல்லூர் வீட்டில் அந்த நாற்காலிக்கு ஆளே கிடையாது. அப்பத்தா தரையில் பாய் போட்டுச் சுவரில் சாய்ந்திருப்பார். அப்பா கட்டிலில். மனைவி பாதி நேரம் சமையற்கட்டு வாசலில். பிள்ளைகள் எந்த மூலையில் என்று சொல்ல முடியாது. இவர்கள் அத்தனை பேருக்கும் பாட்டு ஒழுங்காகக் கேட்க வேண்டும், கையில் இருப்பதோ 10,000 ரூபாய் என்றால், கணக்கை வேறு விதமாகப் போட வேண்டும்.

முதல் தவறு கடையிலேயே நடந்துவிடுகிறது. டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் போனால் அட்டைப்பெட்டி மேல் ‘பி.எம்.பி.ஓ. 5000 வாட்ஸ்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். நொடிப்பொழுது எட்டும் உச்சத் திறன் என்று சொல்லப்படும் இந்த பி.எம்.பி.ஓ.வுக்குப் பொதுவான அளவுமுறை எதுவும் இல்லை. விற்பவர் மனம் போல எழுதிக்கொள்ளலாம். ஆர்.எம்.எஸ். வாட்ஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய திறன், எவ்வளவு என்று கேளுங்கள். பழைய டேப் ரெக்கார்டர்களிலும் கார்களிலும் பாடித் தீர்த்த 4440 என்ற ஆம்ப்ளிஃபயர் ஐ.சி.யின் உண்மையான திறன் ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு பக்கத்துக்கு, 6 வாட்ஸ்தான். இரண்டு சேனலையும் சேர்த்து ஒன்றாக்கினால் 19. அதை வைத்துத் தெருவையே எழுப்பியவர்கள் உண்டு.

ஏனென்றால் வாட்ஸ் இரு மடங்கானால் சத்தம் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு அது ‘கொஞ்சம் கூடியிருக்கிறது’ என்ற அளவுதான். அதே 3 டெசிபலைப் பாக்ஸ் மாற்றியும் பெறலாம். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் அளந்தால் 84 டெசிபல் தரும் பாக்ஸும் உண்டு, 90 தருவதும் உண்டு. அந்த 6 டெசிபலை ஆம்ப்ளிஃபயரால் ஈடுகட்ட நான்கு மடங்கு வாட்ஸ் வேண்டும். என் கட்சி இது: 10,000 ரூபாயில் 6,000 பாக்ஸுக்குப் போகட்டும். ஆம்ப்ளிஃபயரை நல்ல கைக்காரரிடம் கொடுத்து அசெம்பிள் செய்துகொள்ளலாம். மிச்சம் வயருக்கும் ஸ்டாண்டுக்கும் போதும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் போக 5 மீட்டர், வர 5 மீட்டர் சேர்ந்தாலும் தடை 0.12 ஓம் அளவுதான். தங்க முலாம் பூசிய வயருக்குக் காசைக் கரைக்காதீர்கள்.

அடுத்தது, பாக்ஸைப் பரணில் ஏற்றுவது. பிள்ளைகள் கைபடக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் பாக்ஸில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரின் கீச்சுச் சத்தம் டார்ச் வெளிச்சம் போல நேராகப் போகும். பரணிலிருந்து அது எதிர்ச்சுவரில் பட்டு, டைல்ஸ் தரையில் தெறித்து, பாடகர் குளியலறையில் நின்று பாடுவது போலாகிவிடுகிறது. தரையில் உட்காரும் வீட்டில் பாக்ஸ் இடுப்பளவு ஸ்டூலில் இருந்தாலே போதும். அதற்கும் வழியில்லாமல் உயரத்தில்தான் வைக்க வேண்டும் என்றால், பின்பக்கம் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து முகத்தைக் கீழ்நோக்கிச் சாய்த்துவிடுங்கள். மூலையில் ஒட்டி வைத்தால் பேஸ், அதாவது கனத்த அடிச்சத்தம், ஊதிப்போகும். சுவரிலிருந்து ஓர் அடியாவது விலகட்டும். ஹாலில் கையைத் தட்டிப் பாருங்கள். ‘ணங்’ என்று திரும்பினால் ஒரு ஜமுக்காளமும் கனமான திரைச்சீலையும் எந்த ஈக்வலைசரையும்விட அதிகம் உதவும்.

நான்கு பேர் கேட்கும் வீட்டில் பெரிய சிக்கல் இதுதான்: இடது பாக்ஸ் அருகில் இருப்பவருக்கு இடது பாக்ஸ் மட்டுமே பாடுவது போலிருக்கும். எந்தப் பக்கத்துச் சத்தம் முதலில் வந்து சேர்கிறதோ, அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது என்று காது தீர்மானித்துவிடும். ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949இல் இதை ஆராய்ந்து எழுதியதால் ஹாஸ் விளைவு என்பார்கள். பாக்ஸ் இரண்டையும் நேராகப் பார்க்க வைப்பதுதான் இங்கே தவறு. நன்றாக உள்நோக்கித் திருப்புங்கள். இரண்டின் பார்வையும் உட்கார்ந்திருப்பவர்களுக்கு முன்னாலேயே குறுக்கிட்டுக்கொள்ள வேண்டும். அப்போது இடது ஓரத்தில் இருப்பவருக்கு வலது பாக்ஸ் நேர்முகமாகவும் இடது பாக்ஸ் சற்று முகம் திருப்பியும் இருக்கும். பிந்தி வந்தாலும் வலதுபக்கச் சத்தம் வலுத்து வருவதால் ஓரளவு சரியாகிவிடும்.

இதையெல்லாம் செய்தும் பேஸ் வராமல் குரல் புகை போலக் கலைந்திருந்தால், பின்னால் போய் வயரைப் பாருங்கள். ஒரு பாக்ஸில் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கும். ஒரு பாக்ஸின் கோன் (ஸ்பீக்கரில் அதிரும் கூம்பு) வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுத்தால் பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டியதில்லை. மதுரையில் 1922இல் பிறந்த டி.எம்.சௌந்தரராஜன் போதும். இரண்டு பாக்ஸிலும் ஒரே சத்தம் வரும் அவருடைய பழைய மோனோ பாட்டு ஒன்றை ஓடவிடுங்கள். இணைப்பு சரியாக இருந்தால் இரண்டு பாக்ஸுக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத சுவர்முன் அந்தக் கம்பீரக் குரல் வந்து நிற்கும். தவறாக இருந்தால் அவர் எங்கே நின்று பாடுகிறார் என்றே தெரியாது. பிற்காலத்தில் எக்கோ சேர்த்து ‘மெருகூட்டிய’ பதிப்புகள் இந்தச் சோதனைக்கு ஆகாது. கேட்பதற்கும் ஆகாது என்பது என் சொந்தக் கருத்து.

ஆம்ப்ளிஃபயரைக் கண்ணாடி ஷோகேஸுக்குள் பூட்டி வைக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் அதற்கும் காற்று வேண்டும்.

கடைசியாக, நானே செய்து கையைச் சுட்டுக்கொண்ட ஒன்று. சமையற்கட்டிலும் கேட்கட்டும் என்று, இருந்த 8 ஓம் பாக்ஸோடு இன்னும் இரண்டை இணையாகக் கோத்தேன். இரண்டு 8 ஓம் சேர்ந்தால் 4. மூன்று சேர்ந்தால் 2.7. ஆம்ப்ளிஃபயர் 4 ஓமுக்குக் குறையக் கூடாதென்று பின்பக்கமே எழுதியிருந்தது. “என்னப்பா, வயர் கருகுற வாசனை வருது?” என்று அப்பத்தாதான் முதலில் கேட்டார். பிறகு அங்கே ஒரு புளூடூத் பெட்டி வைத்துப் பார்த்தேன். அது நொடியில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு பிந்தும். சொல்லும்போது சின்னது, காதுக்கு அது ஐம்பது மீட்டர் தள்ளியிருந்து கேட்பது போல. சித்திரைத் திருவிழாவில் இரண்டு தெருக் கூம்பு ஒலிபெருக்கிகள் ஒரே அறிவிப்பை முன்னும் பின்னுமாகச் சொல்வது போல வீடே குழம்பியது.

இப்போது இடது பாக்ஸை வாசல் பக்கம் ஓர் அடி நகர்த்தி, சமையற்கட்டுத் திரையை விலக்கிக் கட்டியிருக்கிறேன். ஸ்டீரியோ கொஞ்சம் கோணல்தான். குக்கர் விசில் அடிக்காத நேரத்தில் மனைவிக்கு எல்லாம் கேட்கிறது.