கொழும்பில் சொந்தப் பாடல்களோடு ஓர் இசைக்குழு: ஆர்க்டிக் மங்கீஸின் வழியில் தொடங்குவது எப்படி?

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் 2002ஆம் ஆண்டு உருவான ஆர்க்டிக் மங்கீஸ் குழுவின் முதல் இசைத்தொகுப்பு 2006 ஜனவரியில் வெளிவந்து, ஒரே வாரத்தில் 360,000க்கும் அதிகமான பிரதிகள் விற்றபோது, அது இணையத்தால் விளைந்த அதிசயம் என்றே பலரும் பேசினார்கள். அது பாதி உண்மைதான். கொழும்பில் இசைக்குழு தொடங்க விரும்புவோர் கவனிக்க வேண்டியது அதற்கு முந்திய மூன்று ஆண்டுகளையே.

தேர்ந்த வாத்தியக்காரர்களைத் தேடி அலைய வேண்டாம். ஒன்றாகப் படித்தவர்களும் அயலவர்களும் போதும். ஆர்க்டிக் மங்கீஸில் அலெக்ஸ் டேர்னரும் ஜேமி குக்கும் கிற்றார் எடுத்துக்கொண்டதால், மிஞ்சிய ட்ரம்ஸ் மட் ஹெல்டர்ஸின் பங்குக்கு வந்தது. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் ட்ரம்ஸ் அடித்தால் மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் ஒன்றாகக் கதவைத் தட்டுவார்கள் என்பதால், வீட்டில் ரப்பர் தட்டில் பழகிவிட்டு, மணித்தியாலக் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்ந்து வாசியுங்கள். தொடக்கத்தில் பிறருடைய பாடல்களை வாசிப்பதில் குற்றமில்லை. அவர்களும் அப்படித்தான் தொடங்கினார்கள்.

அதிக நேரம் செலவிட வேண்டியது வரிகளுக்கு. டேர்னர் தம் ஊர் இளைஞர்களின் வாரஇறுதி இரவுகளை, மதுச்சாலை வாசற்காவலரையும் டாக்சிச் சண்டையையும், யோர்க்ஷயர் உச்சரிப்பை மழுப்பாமலே பாடினார். உங்களுக்கு 100ஆம் இலக்க பஸ்ஸின் நெரிசல் இருக்கிறது, வீட்டு வாடகைக்குக் கேட்கும் முற்பணம் இருக்கிறது, நள்ளிரவில் கனடாவிலிருந்து வரும் அண்ணனின் அழைப்பு இருக்கிறது. யாழ்ப்பாணம், மலையகம், மட்டக்களப்பு ஆகிய பேச்சுகளும் இடையிடையே சிங்களச் சொற்களும் கலந்த உங்கள் வாய்மொழியிலேயே எழுதுங்கள். பாடும்போது மட்டும் சென்னைத் திரைப்பாடகரின் குரலைக் கடன்வாங்காதீர்கள். இது நமக்குப் புதிதுமல்ல, நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் ஈழத்துப் பொப் பாடல்களில் முன்பே செய்து காட்டியதுதான். நண்பரிடம் பேச்சுவாக்கில் சொல்ல முடியாத வரியை வெட்டிவிடலாம்.

நான்கு பாடல்கள் தேறியதும் ஒலிப்பதிவு செய்து, நிகழ்ச்சிக்கு வந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுங்கள். ஷெஃபீல்ட் இளைஞர்கள் தங்கள் பதிவுகளை இறுவட்டுகளாக்கி அரங்கிலேயே வழங்கினார்கள். இணையத்தில் ஏற்றியவர்கள் ரசிகர்கள். பாடலை நேரில் கேட்டவர்களே அதைப் பரப்பியதால், அடுத்த நிகழ்ச்சியில் கூட்டம் வரிகளைச் சேர்ந்து பாடியது. இன்று வாசலில் ஒட்டிய கியூஆர் குறியீடும் ஒரு வட்ஸ்அப் குழுவும் அந்த வேலையைச் செய்யும். மண்டப வாடகை தனியொரு குழுவுக்குச் சுமை. சொந்தப் பாடல் வைத்திருக்கும் சிங்கள, ஆங்கிலக் குழுக்களோடு மேடையைப் பகிர்ந்தால் செலவும் குறையும், புதிய செவிகளும் கிடைக்கும்.

பெரிய இசைவெளியீட்டு நிறுவனத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். ஆர்க்டிக் மங்கீஸ் குழுவினர் 2005 மே மாதத்தில் 500 இறுவட்டுகளும் 1,000 இசைத்தட்டுகளும் மட்டும் சொந்தப் பெயரில் வெளியிட்ட பிறகே டொமினோ என்ற சுயாதீன நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தார்கள். 2022இல் வந்த ஏழாவது தொகுப்பும் அதன் வெளியீடே. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிவு செய்யாமலே பாடலுக்குப் பதிப்புரிமை உண்டு, ஆனால் வரி யாருடையது, மெட்டு யாருடையது என்பதை நீங்கள்தான் எழுதிவைக்க வேண்டும். ஆர்க்டிக் மங்கீஸின் பேஸ் கிற்றார்காரர் அண்டி நிக்கல்சன், புகழின் உச்சியிலேயே, 2006இல் விலகினார். உங்களில் ஒருவர் படிப்புக்கோ வேலைக்கோ வெளிநாடு போவது நடக்கக்கூடியதே. ஆகவே வருமானப் பங்கையும், குழுவின் பெயர் யாருக்கு என்பதையும் முதல் வெளியீட்டுக்கு முன்னரே எழுதி, எல்லோரும் கையொப்பமிட்டுப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.