தர்மபுரியில் ஒரு வெல்ஷ் பாட்டு மாலை நடத்துவது எப்படி

இரண்டு மணி நேரம், நான்கு பாட்டு, நாற்பது பேர். பிரிட்டனில் இங்கிலாந்துக்கு மேற்கே இருக்கும் வேல்ஸ் நாட்டின் போராட்டப் பாட்டுகளை நம் ஊர் ஆட்களோடு உட்கார்ந்து கேட்க இந்த அளவு போதும். தெரியாத மொழியில் ஐந்தாவது பாட்டு தொடங்கும்போது கூட்டம் போனை எடுத்துவிடும். பாட்டுக்குப் பின்னால் இருக்கும் சங்கதியைச் சொல்லாமல் போட்டாலும் அப்படித்தான். யாரோ ஒருவர் கித்தார் அடித்துப் பாடுகிறார் என்பதற்கு மேல் மனதில் எதுவும் தங்காது. அதனால் பாட்டுக்கு ஒதுக்கும் நேரத்தைப் போல இரண்டு பங்கு பேச்சுக்கு ஒதுக்குங்கள்.

முதல் பாட்டு ஹியூ ஜோன்ஸ் 1969-ல் பாடிய ‘டூர்’. தண்ணீர் என்று அர்த்தம். சைன் என்ற இசைத்தட்டு நிறுவனம் அந்த ஆண்டு தொடங்கியபோது வெளியிட்ட முதல் தட்டும் இதுதான். வேல்ஸின் நாட்டுப் பண்ணில் தொடங்கலாமே என்று தோன்றும். வேண்டாம். ‘டூர்’ பாட்டுக்குப் பின்னால் இருப்பது ஓர் அணைக் கதை. அணைக் கதை என்றால் கிருஷ்ணகிரிக்காரருக்கும் தர்மபுரிக்காரருக்கும் விளக்கமே தேவையில்லை.

பாட்டைப் போடுவதற்கு முன் இந்தச் செய்திகளைப் பத்து நிமிடத்தில் சொல்லுங்கள். வடக்கு வேல்ஸில் ட்ரவெரின் பள்ளத்தாக்கில் கப்பெல் கெலின் என்ற ஊர் இருந்தது. அங்கே எல்லோரும் பேசியது வேல்ஸின் சொந்த மொழியான வெல்ஷ். இங்கிலாந்தின் லிவர்பூல் நகராட்சி தனக்குத் தண்ணீர் வேண்டும் என்று அங்கே அணை கட்டக் கேட்டது. உள்ளூர் நிர்வாகங்களிடம் அனுமதி கேட்கும் வழியைத் தவிர்த்து, நேராக லண்டன் நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தது. வேல்ஸ் எம்.பி.க்கள் 36 பேரில் ஒருவர்கூட ஆதரித்து ஓட்டுப் போடவில்லை. ஆனாலும் 1957-ல் அது சட்டமானது. தேவாலயம், பள்ளிக்கூடம், தபால் நிலையம், வீடுகள் எல்லாம் தண்ணீருக்குள் போயின. 1965 அக்டோபரில் அணையைத் திறந்தார்கள். சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி தனி மாவட்டமானதும் அதே மாதம்தான் என்று சேர்த்துச் சொன்னால் பெரியவர்களுக்குக் காலம் பிடிபட்டுவிடும். லிவர்பூல் மன்றம் மன்னிப்புக் கேட்டது 2005-ல்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் நம்ம பக்கத்து அணைகளைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். பேச விடுங்கள். பேச்சு முழுக்க அங்கேயே நின்றுவிடாமல் இருக்க ஒரு கேள்வி கையில் இருக்கட்டும்: தண்ணீர் யாருக்குப் போனது, முடிவு எடுத்தது யார்? ட்ரவெரின் தண்ணீர் போனது இன்னொரு நாட்டு நகரத்துக்கு. அந்தக் கோபத்தைப் புரிய வைத்துவிட்டால் மீதி மூன்று பாட்டும் தானாகத் திறந்துகொள்ளும்.

இரண்டாவது, பாடகர் டாவித் இவானின் ‘கார்லோ’. 1969 ஜூலை 1-ஆம் தேதி கனார்வன் கோட்டையில் சார்லஸுக்கு வேல்ஸ் இளவரசர் பட்டம் சூட்டினார்கள். அதற்கு முன் வெல்ஷ் படிக்க அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் இருந்தார். அதைக் கிண்டல் செய்யும் பாட்டு இது. சுருக்கமாகச் சொல்லிப் போட்டுவிடுங்கள். கிண்டலை நீட்டி விளக்கினால் செத்துவிடும்.

மூன்றாவது பாட்டுக்கு முன் இருபது நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். மாலையின் கனமான பகுதி இது. 1901 கணக்கெடுப்பில் வேல்ஸில் ஏறத்தாழப் பாதிப் பேர் வெல்ஷ் பேசினார்கள். 2021-ல் 17.8 சதவீதம், அதாவது 5,38,300 பேர். 1962 பிப்ரவரி 13-ஆம் தேதி சாண்டர்ஸ் லூயிஸ் என்ற எழுத்தாளர் பி.பி.சி. வானொலியில் பேசினார். இதே போக்கில் போனால் இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெல்ஷ் வாழும் மொழியாக இருக்காது என்றார். அதே ஆண்டில் வெல்ஷ் மொழிச் சங்கம் உருவானது. 1963-ல் அபெரிஸ்ட்வித்தில் ட்ரெவெக்கன் பாலத்தில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். பிறகு ஆங்கிலத்தில் மட்டும் இருந்த சாலைப் பலகைகளில் மை பூசினார்கள். 1979-ல் தன்னாட்சி வாக்கெடுப்பு தோற்றது. இதையெல்லாம் கேட்ட பிறகு 1983-ல் வந்த ‘அம ஓ ஹீட்’ பாட்டைப் போடுங்கள். ரோமத் தளபதி மாக்சென் 383-ல் வேல்ஸை விட்டுப் போனதில் தொடங்கி, 1,600 ஆண்டுகள் கழிந்தும், யார் என்ன செய்தும், நாம் இன்னும் இங்கேதான் இருக்கிறோம் என்று போகும் பாட்டு. வாக்கெடுப்புத் தோல்வியைச் சொல்லாமல் விட்டால் இது வெறும் வீரப் பாட்டாகக் கேட்கும். தோற்றவர்களை எழுப்பி உட்கார வைக்க எழுதிய பாட்டு என்பது தெரிய வேண்டும். 2022-ல் உலகக் கோப்பைக் கால்பந்து தகுதிப் போட்டிகளில் கார்டிஃப் மைதானமே இதைப் பாடியது.

நம் 1965 மொழிப் போராட்டத்தோடு இதை ஒப்பிடாமல் ஒரு தமிழ்க் கூட்டம் கலையாது, கலையவும் வேண்டாம். ஆனால் இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். 1965 ஜனவரியில் இங்கே வந்த ஆபத்து ஆட்சிமொழி வழியாக. தமிழ் பேசும் வீடுகள் கோடிக்கணக்கில் அப்படியே இருந்தன. அங்கே மொழி வீட்டுக்குள்ளேயே நின்றுபோய்க்கொண்டிருந்தது: தாய் பேசியதைப் பிள்ளை பேசவில்லை.

நான்காவது பாட்டு வேல்ஸின் நாட்டுப் பண். மூன்றாவதும் நான்காவதும் கூட்டம் பாட வேண்டிய பாட்டுகள். உச்சரிப்புக்குக் கால் மணி நேரம் வேண்டும். பெரும்பாலான சொற்களில் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம் விழும். இதை மட்டும் சரி செய்தாலே பாதி வேலை முடிந்தது. ‘டபிள்யூ’ எழுத்து பல இடங்களில் உயிரெழுத்து, நம் உ அல்லது ஊ. ஒற்றை ‘எஃப்’ நம் வ. இரட்டை ‘டி’ (dd) வந்தால் ‘அது’ என்னும்போது நடுவில் வரும் மெல்லிய த. இரட்டை ‘எல்’தான் கஷ்டம்: ல் சொல்லும் இடத்தில் நாக்கு நுனியை வைத்து, குரலை அடக்கி, பக்கவாட்டில் காற்றை மட்டும் ஊத வேண்டும். தொண்டை அதிர்ந்தால் தப்பு. ள், ழ் போட்டுச் சமாளிக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள்.

சொல்லிக்கொடுக்கும் முறைக்கு நம் தெருக்கூத்தே வழி. முன்பாட்டுக்காரர் ஒரு வரி சொல்ல, பின்பாட்டு வாங்கட்டும். முதலில் பேச்சாக, பிறகு கைத்தட்டோடு, கடைசியில் மெட்டோடு. பல்லவியை மட்டும் எடுங்கள். பறை இருந்தால் ‘அம ஓ ஹீட்’டுக்குச் சேர்க்கலாம், நாலு அடியாகப் போகிற பாட்டு. நாட்டுப் பண்ணுக்குப் பறை வேண்டாம், மூன்று அடியில் நிதானமாகப் போவது அது. பறை சேர்ந்தால் கூட்டம் ஓட ஆரம்பித்துவிடும். ஆர்மோனியத்தில் சுருதி போதும். 1856-ல் பொன்டிப்ரித்தில் இவான் ஜேம்ஸ் எழுதி, அவர் மகன் ஜேம்ஸ் ஜேம்ஸ் மெட்டமைத்தது. நின்று பாடி மாலையை முடியுங்கள்.

இலக்கியம் வேண்டும் என்றால் மூன்றாம் பாட்டுக்கு முன் ஒரே ஒரு வாசிப்பு சேருங்கள். அனெய்ரின் பெயரில் வழங்கும் ‘கொடோதின்’, ஏறத்தாழ 600-ஆம் ஆண்டில் கட்ரைத் போரில் விழுந்த வீரர்களுக்கான இரங்கல் பாட்டுகள். அதன் பக்கத்தில் புறநானூறு 235, அதியமானுக்கு ஔவை பாடியது. தகடூர் மண்ணில், நடுகற்களுக்கு நடுவே வளர்ந்தவர்களுக்கு இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் போதும், உரை தேவைப்படாது.

பாட்டுத் தாளை டி.டி.பி. கடைக்குப் பி.டி.எஃப். ஆகவே கொடுங்கள். பழைய தமிழ் எழுத்துரு வைத்திருக்கும் கடைகளில் கூரை போட்ட வெல்ஷ் எழுத்துகள் (ŵ, ŷ) வெறும் கட்டமாக வரும். நீங்களே பொருள் தேடுவதாக இருந்தால் இதை நினைவில் வையுங்கள்: வெல்ஷில் சொல்லின் முதல் எழுத்து முன்னால் வரும் சொல்லுக்கு ஏற்ப மாறும். அபெரிஸ்ட்வித் பக்கம் சாலையோரச் சுவரில் எழுதிய ‘ட்ரவெரினை நினைவில் வையுங்கள்’ என்ற புகழ்பெற்ற வாசகத்தில் ட்ரவெரின், ட்ரவெரினாக இல்லை. முதல் எழுத்தான T மெலிந்து D ஆகிவிட்டது. அகராதியில் அப்படியே தேடினால் கிடைக்காது. பாட்டு வரிகளை முழுதாக மொழிபெயர்த்து அச்சிட்டு விற்பதற்கு உரிமையாளர் அனுமதி வேண்டும். உங்கள் சொல்லில் கருத்தை எழுதிக் கொடுப்பதே நல்லது.

பாட்டுகளை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். தகரக் கூரை மண்டபம் என்றால் சுவரில் ஜமுக்காளம் தொங்கவிடுங்கள், எதிரொலி அடங்கும். ஆடியோ செட்காரரிடம் பேஸைக் குறைக்கச் சொல்லுங்கள். கித்தார் திம்மென்று எழுந்தால் குரல் மூழ்கிவிடும். ஆறரைக்குத் தொடங்கினால் பென்னாகரம், அரூர் போகிறவர்கள் பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

இதையே ஓசூரில் நடத்தினால் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் கூட்டத்தில் நிறைய இருப்பார்கள். உச்சரிப்பு வரிகளை அந்த இரண்டு எழுத்திலும் அச்சிடுங்கள். மூன்றாம் பாட்டுக்குப் பிந்தைய பேச்சில் முதல் முறை அவர்களுக்குக் கொடுங்கள்; ஊரில் சிறுபான்மையாக இருக்கும் மொழி வீட்டுக்குள் என்ன ஆகிறது என்பதை அவர்கள் சொல்லும்போது, தமிழ்க்காரர்கள் கேட்டுவிட்டுப் பேசட்டும்.